சிக்கிள் செல் நோயில் சிவப்பணு ஒட்டுவதைக் குறைக்க எந்த வழி, யாருக்கு?

"ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், வலி குறைந்திருக்கிறது, ஆனால் நின்றபாடில்லை. ரத்த அணுக்கள் ஒட்டுவதையே தடுக்கிற ஊசி ஒன்று இருக்கிறதாமே, அதற்கு மாறிவிடலாமா?" சிக்கிள் செல் நோய் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு கட்டத்தில் எழாமல் இருக்காது. கூடவே குளுட்டமின் பொடி, மாதாமாதம் ரத்தம் ஏற்றுவது என்று வேறு யோசனைகளும் வந்து குழப்பும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுகிற ஒரே ஒரு மூலக்கூறைக் குறிவைப்பதைவிட, ஒட்ட வைக்கிற வெள்ளையணுக்களையும் சிவப்பணுவின் குணத்தையும் சேர்த்து மாற்றுகிற வழிதான் இதுவரை அதிகம் கைகொடுத்திருக்கிறது. அதனால் "மாறலாமா" என்று கேட்பதற்கு முன்னால் "இருப்பதை முழு அளவில் எடுக்கிறோமா" என்று கேட்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

## ஒட்டுவது சிவப்பணு, ஒட்ட வைப்பது யார்?

அரிவாள் வடிவத்துக்கு வளைந்த சிவப்பணு மெல்லிய குழாயில் சிக்கிக்கொள்கிறது, அதனால் வலி வருகிறது என்றுதான் பலருக்கும் சொல்லப்படுகிறது. தப்பில்லை, பாதிக் கதை. 1980-லேயே ஹெபல் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒன்றைக் காட்டினார்கள்: இந்த நோயாளிகளின் சிவப்பணு ரத்தக் குழாயின் உள்சுவரில் எவ்வளவு ஒட்டுகிறதோ, நோயின் கடுமையும் அதற்கேற்ப இருக்கிறது. அதிலும் அதிகம் ஒட்டுவது முழுதாக வளைந்துபோன பழைய அணுக்கள் அல்ல. எலும்பு மஜ்ஜையிலிருந்து அவசரமாக வெளியே தள்ளப்பட்ட இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகள். அவற்றின் மேல் விஎல்ஏ-4, சிடி36 போன்ற ஒட்டுப் புரதங்கள் இன்னும் உதிராமல் இருக்கும்.

அப்புறம் 2002-ல் எலிகளின் உயிருள்ள ரத்தக் குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபோது கதை இன்னும் மாறியது. தந்துகியைத் தாண்டியதும் வருகிற சிறு சிரையில் முதலில் சுவரில் போய் உட்காருவது வெள்ளையணு. நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணு ஒன்று, செலக்டின் என்கிற புரதங்களைப் பிடித்துப் பிடித்து உருண்டு வரும், வேகம் குறையும், நிற்கும், பிறகு சுவரோடு ஊர ஆரம்பிக்கும். ஊரும்போது அதன் முன்விளிம்பில் மேக்-1 என்கிற புரதம் விழித்துக்கொள்கிறது. பக்கத்தில் ஓடுகிற சிவப்பணுவை அது பிடித்துக்கொள்கிறது. ஒன்று மாட்டும், இன்னொன்று மாட்டும், ஓட்டம் மெதுவாகும், ஆக்ஸிஜன் இறங்கும், மாட்டிய அணுக்கள் இன்னும் வளையும். பி-செலக்டினும் இ-செலக்டினும் இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளில் இந்த அடைப்பு பெரும்பாலும் வரவில்லை.

நியூட்ரோஃபில் தனி ஆள் இல்லை. இன்னொரு வகை வெள்ளையணுவான மோனோசைட்டுகள், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 பீட்டா போன்றவற்றைச் சுரந்து குழாயின் உள்சுவரை உசுப்பிவிடுகின்றன. சுவர் தன் பங்குக்கு விசிஏஎம்-1, இ-செலக்டின் ஆகிய ஒட்டுப் புரதங்களை வெளியே நீட்டுகிறது. தட்டணுக்கள் பி-செலக்டின் வழியாக நியூட்ரோஃபிலோடு கட்டிக்கொள்கின்றன. உடைந்த சிவப்பணுவிலிருந்து கசிகிற ஹீம் (ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி) இந்த எல்லாவற்றையும் இன்னும் தூண்டிவிடுகிறது. நியூட்ரோஃபில் தன் டிஎன்ஏவையே வலைபோல வெளியே வீசுவதும் அதனால்தான்.

எல்லா நோயெதிர்ப்பு அணுவும் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். சுவரோரமாக ரோந்து சுற்றுகிற ஒரு வகை மோனோசைட் உண்டு. சுவரில் ஒட்டிக்கிடக்கிற சிவப்பணுக்களை அது விழுங்கிச் சுத்தம் செய்கிறது என்று 2019-ல் வந்த ஆய்வு காட்டியது. இந்த அணுக்கள் இல்லாத எலிகளில் அடைப்பு அதிகமானது. எனவே வெள்ளையணுக்களைக் கண்மண் தெரியாமல் அழிப்பது தீர்வாக முடியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, மேலே சொன்ன சங்கிலியில் எந்த இடத்தில், எத்தனை இடத்தில் கைவைக்கிறது. இரண்டாவது, எலியிலும் கண்ணாடித் தகட்டிலும் இல்லாமல், மனிதர்களிடம் வலி நெருக்கடி குறைந்ததா. மூன்றாவது, நோயெதிர்ப்புக்கு என்ன விலை. சிக்கிள் செல் நோயாளிகளுக்கு, தொற்றைத் தடுக்க உதவும் மண்ணீரல் சிறு வயதிலேயே செயலிழந்துபோவதால் இது சாதாரண கேள்வி இல்லை. நான்காவது, வெளியே தெரியாத செலவு: பரிசோதனை, அலைச்சல், நரம்பு கிடைக்காமல் குத்துவது, நிறுத்தினால் என்ன ஆகும் என்பது.

பணம் ஐந்தாவது. அது ஊருக்கு ஊர், காப்பீட்டுக்குக் காப்பீடு மாறும், அதனால் இங்கே எண் போடவில்லை. ஹைட்ராக்ஸியூரியா பழைய, விலை குறைந்த மாத்திரை, உயிரி மருந்து ஊசிகள் அதைவிடப் பல மடங்கு விலை என்பது மட்டும் எங்கும் ஒன்றுதான்.

## ஹைட்ராக்ஸியூரியா

இந்த மருந்தைப் பற்றிக் கேட்டால் "கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டும்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது உண்மை, அந்த வகை ஹீமோகுளோபின் இருந்தால் அணு எளிதில் வளையாது, ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். அதற்கு முன்பே, சில வாரங்களில், நியூட்ரோஃபில் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்துவிடும். ஒட்டுப்புரதம் நிறைந்த ரெட்டிகுலோசைட்டுகள் குறையும், மிச்சம் இருப்பவற்றின் மேலும் விஎல்ஏ-4, சிடி36 குறையும். அதாவது ஒட்டுகிறவர், ஒட்ட வைக்கிறவர், உள்ளே வளைய வைக்கிற ஹீமோகுளோபின் என மூன்று இடத்திலும் ஒரே மாத்திரை கைவைக்கிறது. என் பட்டியலில் முதல் அளவுகோலில் இதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் வருவதில்லை.

மனிதச் சான்றும் இதற்குத்தான் கனம். 1995-ல் வந்த ஆய்வில் 299 பெரியவர்கள். ஆண்டுக்கு நடுமதிப்பாக 4.5 வலி நெருக்கடி வந்த இடத்தில் மருந்து எடுத்தவர்களுக்கு 2.5. நுரையீரல் நெருக்கடியும் ரத்தம் ஏற்றும் தேவையும் குறைந்தன. அதே ஆய்வின் தரவைப் பிறகு அலசியபோது, நியூட்ரோஃபில் நன்றாக இறங்கியவர்களுக்கு வலியும் நன்றாக இறங்கியிருந்தது. 9 முதல் 18 மாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும் வலி குறைந்தது. அமெரிக்க வழிகாட்டுதல் 2014 முதல், 9 மாதத்திலிருந்தே, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடும் வகை உள்ள குழந்தைகளுக்கு இதைக் கொடுக்க முன்வரச் சொல்கிறது.

வெள்ளையணுவைக் குறைத்தால் தொற்று தாக்காதா? நியாயமான பயம்தான். மலேரியா நிறைந்த அங்கோலா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. தொற்று கூடவில்லை. மலேரியாவும் மற்ற தொற்றுகளும் குறைந்தன, இறப்பும் குறைந்தது. நியூட்ரோஃபிலை ஒழிப்பது இங்கே நோக்கம் இல்லை, அளவுக்கு மீறி இருப்பதை இயல்புக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் நோக்கம். பொதுவாக வைக்கும் இலக்கு மைக்ரோலிட்டருக்கு 2,000 முதல் 4,000.

இங்கேதான் சிபிசி (முழு ரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவது வழக்கம். அதற்குக் கீழே மொத்த வெள்ளையணு, நியூட்ரோஃபில் எண்ணிக்கை, எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) என்று வரிகள் இருக்கும். எம்சிவி ஏறியிருக்கிறதா, நியூட்ரோஃபில் இறங்கியிருக்கிறதா? இரண்டும் ஆரம்பித்த நாளில் இருந்த இடத்திலேயே நின்றால், மாத்திரை ஒழுங்காக உள்ளே போகவில்லை, அல்லது அளவு போதவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும். "இது எனக்கு வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களில் பலர் ஆரம்ப அளவிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுபோனவர்கள். தாங்கும் அளவு வரை ஏற்றி, குறைந்தது 6 மாதமாவது அதில் இருந்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மறைந்த செலவு: அளவு ஏற்றும் காலத்தில் 4 வாரத்துக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை, நிலைப்பட்ட பிறகு 2, 3 மாதத்துக்கு ஒரு முறை. நகம் கறுக்கலாம். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசியாக வேண்டும், ஏனென்றால் வழக்கமாக நிறுத்தச் சொல்வார்கள். புற்றுநோய் பயம் மருந்தின் எச்சரிக்கைத் தாளில் இருக்கிறது. சிக்கிள் செல் நோயாளிகளிடம் பல ஆண்டுகள் பார்த்ததில் அப்படிக் கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

## கிரிசான்லிசுமாப்: ஒட்டுதலை நேரடியாகத் தடுக்கும் ஊசி

படத்தில் வரைந்து பார்த்தால் இதைவிட அழகான யோசனை கிடையாது. நியூட்ரோஃபில் உருள ஆரம்பிப்பதே பி-செலக்டினைப் பிடித்துத்தானே, அதையே மூடிவிடு. தட்டணுவும் நியூட்ரோஃபிலும் கட்டிக்கொள்வதும் சேர்ந்து தடைபடும். 198 பேரிடம் நடந்த முதல் பெரிய ஆய்வில், அதிக அளவான, கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு நடுமதிப்பு 1.63 நெருக்கடி, வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு 2.98. ஏற்கெனவே ஹைட்ராக்ஸியூரியா எடுத்துக்கொண்டிருந்தவர்களும் அதில் பாதிக்கு மேல். 2019 நவம்பரில் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி கொடுத்தது.

அடுத்த ஆய்வில் கால் இடறியது. ஊசி போட்டவர்களுக்கு மருத்துவமனை போக வைத்த நெருக்கடி முதல் ஆண்டில் சராசரி 2.5, வெற்று மருந்துக்காரர்களுக்கு 2.3. வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம். 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரே மருந்து, இரண்டு கண்டத்தில் இரண்டு தீர்ப்பு; குழப்பம் வராமல் எப்படி இருக்கும்?

என் வாசிப்பு இது. இந்தச் சுவர் ஒட்டுதல் பல கயிற்றால் கட்டிய பந்தல் மாதிரி. பி-செலக்டின் என்ற கயிற்றை அறுத்தாலும் இ-செலக்டின், விஎல்ஏ-4, மேக்-1, லூத்தரன் புரதம் என்று மற்றவை பிடித்து நிற்கின்றன. இ-செலக்டினை முக்கியமாகக் குறிவைத்த ரிவிபான்செல் என்கிற மருந்தும், வலி வந்தபின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், 2019-ல் தோற்றது. யாருக்கு எந்தக் கயிறு பிரதானம் என்று வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரியாது. அதனால் சிலருக்கு இந்த ஊசி நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு எதுவுமே ஆவதில்லை.

வெள்ளையணு எண்ணிக்கையை இது குறைப்பதில்லை, ஹீமோகுளோபினையும் தொடுவதில்லை. சோகைக்கோ பக்கவாதத் தடுப்புக்கோ இதை நம்பி இருக்க முடியாது. முதல் டோஸ், 2 வாரத்தில் இரண்டாவது, அப்புறம் 4 வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக 30 நிமிடம். நரம்பு கிடைப்பதே போராட்டமாக இருப்பவருக்கு இந்த 30 நிமிடம் அரை நாளாகிவிடும். ஊசி ஏறும்போதே கடும் வலி வந்தவர்களும் உண்டு. இன்னொரு சின்ன விஷயம், ஆனால் தெரியாவிட்டால் பெரிய பீதி: இந்த மருந்து எடுப்பவரின் ரத்தத்தில் தட்டணுக்கள் சோதனைக் குழாய்க்குள் கொத்தாகிவிட்டால், தட்டணு எண்ணிக்கை பொய்யாகக் குறைவாகக் காட்டும். பரிசோதனைக்கூடத்தில் முன்பே சொல்லிவிட வேண்டும்.

யாருக்கு? ஹைட்ராக்ஸியூரியா முழு அளவில் எடுத்தும் வலி தொடர்பவர்களுக்கு, கூடச் சேர்த்து. அல்லது அந்த மாத்திரையை உண்மையிலேயே தாங்க முடியாதவர்களுக்கு. அதுவும் அனுமதி உள்ள இடத்தில், முன்கூட்டியே ஒரு கெடு வைத்துக்கொண்டு: இவ்வளவு மாதத்தில் நெருக்கடி குறையாவிட்டால் நிறுத்துகிறோம் என்று.

## எல்-குளுட்டமின் பொடி

சிவப்பணுவுக்குள் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைக் குறைப்பதால் அதன் ஒட்டும் தன்மை குறைகிறது என்று சின்ன ஆய்வுகள் காட்டின. நோயெதிர்ப்பு அணுக்களை நேரடியாகத் தொடுவதில்லை. 230 பேரிடம் 48 வாரம் நடந்த ஆய்வில் வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு நடுமதிப்பு 4 நெருக்கடி, குளுட்டமின் எடுத்தவர்களுக்கு 3. 2017-ல் 5 வயதுக்கு மேல் எஃப்டிஏ அனுமதி.

பொடிதானே என்று லேசாக நினைக்கிறார்கள். தினம் இரண்டு வேளை, எடையைப் பொறுத்து ஒரு வேளைக்கு 5 முதல் 15 கிராம், குளிர்ந்த பானத்திலோ உணவிலோ கலந்து, வருடம் முழுக்க. ஆய்வுக்குள்ளேயே பாதியில் விட்டவர்கள் நிறைய. உடற்பயிற்சிக் கூடத்தில் கிடைக்கும் குளுட்டமின் டப்பாவை வாங்கிச் சொந்தமாக ஆரம்பிப்பது வேண்டாம்; சிறுநீரகமோ கல்லீரலோ பாதிக்கப்பட்டவருக்கு இது பாதுகாப்பான பொருள் இல்லை, இந்த நோயில் சிறுநீரகப் பாதிப்பு அபூர்வமும் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி போக முடியாதவர்கள், வெள்ளையணு ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

## தொடர்ந்து ரத்தம் ஏற்றுதல்

ஒட்டுகிற சிவப்பணுவுக்குப் பதில் ஒட்டாத சிவப்பணுவைக் கொடுத்துவிடுவது. மஜ்ஜையின் அவசர உற்பத்தியும் அடங்குவதால் ரெட்டிகுலோசைட்டுகள் குறையும். வலிக்காக மட்டும் இதை முதல் வழியாக எடுப்பதில்லை. பக்கவாத ஆபத்து என்று வந்தால் மட்டும் இதுதான் ராஜா: மூளை ரத்தக் குழாயில் ஓட்ட வேகம் வினாடிக்கு 200 சென்டிமீட்டருக்கு மேல் இருந்த 130 குழந்தைகளிடம் நடந்த, 1998-ல் வெளியான ஆய்வில் முதல் பக்கவாதம் 92 சதவீதம் குறைந்தது. அணுவை வளைய வைக்கிற ஹீமோகுளோபின் எஸ் அளவை 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். ஒரு முறை பக்கவாதம் வந்துவிட்ட குழந்தைக்கும் அடிப்படை சிகிச்சை இதுவே.

விலை? ஒவ்வொரு யூனிட்டிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது, அதை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. சில காலத்தில் இரும்பை நீக்கும் மருந்தும் சேர்ந்துகொள்ளும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நோயெதிர்ப்பு மண்டலத்தின் எதிர்வினை. வேறொருவரின் சிவப்பணுவுக்கு எதிராக உடல் ஆன்டிபாடி தயாரித்துவிட்டால் பொருந்தும் ரத்தம் கிடைப்பதே கஷ்டமாகும். ரத்தம் ஏற்றிச் சில நாளில் வலி, கறுத்த சிறுநீர், ஹீமோகுளோபின் இறக்கம் வந்தால் அதைச் சாதாரண வலி நெருக்கடி என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஏற்றிய ரத்தத்தை உடல் அழிக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஏபிஓ மட்டும் இல்லாமல் சி, இ, கெல் என்ற மற்ற ரத்த வகைகளையும் பொருத்தி ஏற்றுகிற இடமா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஒருமுறை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கவா? பக்கவாதம் வராமல், ஓட்ட வேகம் மட்டும் அதிகமாக இருந்து, குறைந்தது ஓராண்டு ரத்தம் ஏற்றி, குழாயில் கடும் சுருக்கம் இல்லாத குழந்தைகள் முழு அளவு ஹைட்ராக்ஸியூரியாவுக்கு மாறலாம் என்று 2016-ல் வந்த ஆய்வு வழிகாட்டியது. பக்கவாதம் வந்தவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| | எங்கே கைவைக்கிறது | வலிக்குச் சான்று | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ஹைட்ராக்ஸியூரியா | நியூட்ரோஃபில், இளம் சிவப்பணு, கருக்கால ஹீமோகுளோபின் | வலுவானது | தொடர் ரத்தப் பரிசோதனை, கர்ப்பத் திட்டம் | கடும் வகை உள்ள பெரும்பாலானோருக்கு முதல் வழி |
| கிரிசான்லிசுமாப் | பி-செலக்டின் மட்டும் | ஒன்றுக்கொன்று முரண் | மாத ஊசி, நரம்பு, பொய்த் தட்டணு எண் | கூடுதலாக, கெடு வைத்து |
| எல்-குளுட்டமின் | சிவப்பணுவின் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் | மிதமானது | தினம் இரு வேளை, சிறுநீரகக் கவலை | மற்றவை ஒத்துக்கொள்ளாதவருக்கு |
| தொடர் ரத்தம் | சிவப்பணுவையே மாற்றுகிறது | பக்கவாதத்துக்கே முதன்மை | இரும்பு, ஆன்டிபாடி | மூளைக் குழாய் ஆபத்து உள்ளவர் |

மஜ்ஜை மாற்று சிகிச்சையையும், 2023 டிசம்பரில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எஃப்டிஏ அனுமதித்த இரண்டு மரபணு சிகிச்சைகளையும் இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. அவை ஒட்டுதலைக் குறைப்பவை அல்ல, நோயின் வேரையே மாற்ற முயல்பவை. முன்னதாகத் தரப்படும் கடுமையான கீமோதெரபி, கருவுறும் திறன் போவது என்று அவற்றின் கணக்கே வேறு. 2019-ல் வந்த வாக்ஸலோட்டர் என்ற மாத்திரையும் இல்லை, 2024 செப்டம்பரில் அதை நிறுவனமே உலகச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது.

## சரி, நான் எப்படி வரிசைப்படுத்துவேன்?

குழந்தை என்றால் முதலில் மூளை ரத்த ஓட்ட ஸ்கேன். அதில் ஆபத்து தெரிந்தால் மற்ற விவாதமெல்லாம் தள்ளிப்போகும், ரத்தம் ஏற்றுவதுதான். ஆபத்து இல்லை என்றால் ஹைட்ராக்ஸியூரியா, அதுவும் தாங்கும் அளவு வரை. 6 மாதம் கழித்து ரிப்போர்ட்டில் எம்சிவி ஏறி நியூட்ரோஃபில் இறங்கியும் வலி நிற்கவில்லை என்றால்தான் இன்னொன்றைச் சேர்க்கும் பேச்சு. அப்போதும் மாத்திரையை விட்டுவிட்டு ஊசிக்குத் தாவுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு மட்டும் வரிசை தலைகீழாகும்: ஹைட்ராக்ஸியூரியா விலகும், ரத்தம் ஏற்றுவது பற்றிய பேச்சு முன்னே வரும், அதை மருத்துவரோடு மாதங்களுக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

வேறு நோய்க்காக வேறு மருத்துவரிடம் போகும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. வெள்ளையணுவைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி சிக்கிள் செல் நோயாளிகளுக்கு உயிருக்கே ஆபத்தான நெருக்கடியை உண்டாக்கியிருக்கிறது. மரபணு சிகிச்சைக்கு ஸ்டெம் செல் சேகரிக்கும்போதுகூட அதைத் தவிர்த்து பிளெரிக்ஸாஃபோர் என்ற வேறு மருந்தைப் பயன்படுத்துவது இதனால்தான். ஸ்டீராய்டு இன்னொன்று. கொடுக்கும்போது வலி அடங்கியதுபோல இருக்கும், நிறுத்தியதும் திரும்பி அடிக்கும். வலி நெருக்கடிக்கு அதைத் தர வேண்டாம் என்று அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆஸ்துமா போன்ற வேறு காரணத்துக்கு ஸ்டீராய்டு தேவைப்பட்டால், சிக்கிள் செல் இருப்பதைச் சொல்லி, எப்படிப் படிப்படியாகக் குறைக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.